எட்டுக் கொடுவா, எண்பது டாலர்

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு எண்பது டாலர் என்று முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. சொன்னவள் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த பர்மியப் பெண். ஆற்றுப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஹோட்டலில் மேசைத் துணிகளைத் துவைத்து மடிக்கும் வேலை அவளுக்கு. அங்கே ஜப்பான் சாப்பாட்டுக்கென்று தனியாக ஓர் அறை திறந்திருக்கிறார்கள், பத்துப் பேர்தான் உட்காரலாம், சமைக்கிறவர் எதிரிலேயே நின்று செய்து கொடுப்பார், ஆளுக்கு எண்பது டாலர் என்றாள்.

“எண்பது க்யாட்டா?” என்று கேட்டேன். க்யாட் எங்கள் பர்மா நாட்டுக் காசு.

“டாலர், அமா, டாலர்!” என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். அமா என்றால் பர்மியில் அக்கா.

“அப்படி என்னதான் போடுறாங்க?”

“மீன். பச்சையா. பெரிய தட்டுல மூணு துண்டு.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போட்டாதாங் சந்தையில் மீன் கடை வைத்திருந்தவள் நான். தலையும் வாலுமாக முழு மீனை விற்கிற எனக்கு மூன்று துண்டு மீனின் விலையைச் சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எண்பது டாலரை க்யாட்டாக மாற்றினால் எங்கள் வீட்டு ஒரு மாச அரிசி, எண்ணெய், வாடகை எல்லாம் போக மீதியும் நிற்கும். யானை விலை குதிரை விலை என்பார்களே, இதில் யானையும் குதிரையும் சேர்ந்தே வந்திருக்கின்றன என்று நினைத்தேன்.

சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது, கேள்வி அடங்கவில்லை. எனக்கு ஒரு கெட்ட குணம். காரணம் தெரியாத விலையை என்னால் விட்டுவிட்டுப் போக முடியாது. கியாக்டடா கடைத்தெருவில் ஒரு கைக்கடிகாரத்தின் விலையைக் கேட்டுவிட்டு அதற்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லி வம்பு செய்தவள் நான். என் வாப்பா ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம், உம்மா பர்மியப் பெண். கோபம் எனக்குத் தமிழில் வரும், பேரம் பர்மியில் வரும். இந்த எண்பது டாலர் இரண்டு மொழியிலும் என்னை அரித்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஹோட்டல்கள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சமையல்காரரே என் கடைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கையில் ஒரு துணிச் சுருள். ஒரு மீனையும் தொடாமல் குனிந்து ஒவ்வொன்றின் கண்ணையும் பார்த்துக்கொண்டே போனார். பெண் பார்க்க வந்தவர்கள் கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். கடைசியில் கொடுவாயின் முன்னால் நின்று, தட்டுத் தடுமாறிய பர்மியில், “இது உயிரோட வேணும்” என்றார்.

கியாக்தானிலிருந்து எனக்கு மீன் கொண்டுவருகிறவர் ஒருவர் இருந்தார். ஓடை முகத்தில் வலை போடுகிறவர். அவரிடம் சொல்லித் தண்ணீர் நிரப்பிய தகர டிரம்மில், பிக்கப் வண்டியில் கொடுவாயை உயிரோடு வரவழைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் என்று ஏற்பாடு. விலை சொன்னேன். எப்படியும் குறைத்துக் கேட்பார் என்று கூட்டிச் சொன்ன விலை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை நீட்டினார். எனக்கு வயிற்றெரிச்சலாகப் போயிற்று. பேரம் பேசாமல் ஒருவர் வாங்கிப் போனால், இன்னும் கூட்டிச் சொல்லியிருக்கலாமோ என்று அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருக்கும்.

அதைவிட ஆச்சரியம் அவர் மீனைக் கொன்ற விதம். துணிச் சுருளை விரித்தார். உள்ளே ஓர் இரும்பு முள், ஒரு சின்னக் கத்தி, நீளமான மெல்லிய கம்பி. மீனை டிரம்மிலிருந்து எடுத்து ஈரத் துணியால் கண்ணை மூடினார். இரண்டு கண்ணுக்கும் நடுவில் சற்று மேலே முள்ளை ஒரே குத்து. மீன் வாயைத் திறந்தது, அவ்வளவுதான், துடிப்பு நின்றுவிட்டது. செவுளுக்குள் கத்தியை விட்டு ஒரு கீறல், வால் பக்கம் இன்னொன்று. பிறகு நடுமுள்ளின் துளை வழியே கம்பியை விட்டு இழுத்தார். ஐஸ் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்தபோது ரத்தம் முழுக்க இறங்கிப் போயிற்று. சந்தையில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

“ஏன் ஸயா இப்படி?” என்று கேட்டேன். கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு ஸயாதான்.

“கஷ்டப்பட்டுச் செத்தா ருசி போயிடும்” என்றார்.

இதைப் போய் எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் சொன்னேன். அவரும் என்னிடம்தான் மீன் வாங்குவார். “ஆலிம்சா, ஜப்பான்காரங்க மீனையும் அறுத்து ரத்தம் ஓட்டித்தான் சாப்பிடுவாங்களாம். நாம கோழிக்குச் செய்யிற மாதிரி!”

அவர் சிரித்தார். “மீன் தானாச் செத்தாலும் ஹலால்தாம்மா. அதுக்கு அறுப்பும் கடமையில்ல, ஒண்ணும் கடமையில்ல. அவங்களுக்கு எப்படி வேணுமோ அப்படிக் குடு.”

ஆனாலும் எனக்குள் அது ஊறிவிட்டது. வீட்டில் நான் அதை அறுப்பு என்றே சொல்ல ஆரம்பித்தேன். “இன்னிக்கு ஜப்பான் ஸயா நாலு மீன் அறுத்தாரு” என்பேன். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே சந்தையில் இருபது வருஷம் கோழி அறுத்தவர் அவர். அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பு. ஒன்றை முடித்ததும் “அடுத்தது!” என்று ஒரு குரல் கொடுப்பார். சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் அந்தக் குரல் கேட்கும். நம் ஆட்கள் வீட்டில் கல்யாணம் என்றால் அவருக்குத்தான் ஆள் வரும். பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது, அப்புறம் கத்தியில் தெரிந்தது. ஒருநாள் ஒரு ஹாஜியார் அம்மா கோழி வாங்க வந்தவர், கூட்டத்துக்கு நடுவில், “கத்தி ரெண்டு தடவை போச்சே தம்பி, இது சரியா வருமா?” என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சந்தேகத்தைக் கேட்டார்; கத்தியை எடுத்து மறுபடி வைத்தால் அறுப்பு ஹலால் ஆகாது என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கோழியைத் தனியே எடுத்து வைத்தார், யாருக்கும் விற்கவில்லை. மறுநாளே கடையைத் தம்பியிடம் கொடுத்தார். கத்தியைப் பழைய கைலித் துண்டில் சுற்றி என் ஐஸ்பெட்டிக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். “மீனாவது வெட்டிக் குடுங்களேன்” என்று கேட்டுப் பார்த்தேன். “கோழிக்கு ஆகாத கை மீனுக்கு ஆகுமா, புள்ள?” என்றார். அந்த வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் ஈ ஓட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரும். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். “அந்த ஈயையாவது ஒழுங்கா ஓட்டுங்க!” என்று கத்துவேன். அவரும் ஓட்டுவார். அந்தக் கத்தி பலகையிலிருந்து இறங்க வேண்டும், அவர் கையில் மறுபடி ஏற வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வியாபாரம் வரும் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸயா வரவில்லை. ஹோட்டல் டிரைவர்தான் வந்தார். ஜப்பானிலிருந்து பாங்காக் வழியாக வர வேண்டிய மீன்பெட்டி எங்கேயோ மாட்டிக்கொண்டதாம், ஸயா அதிகாலையிலிருந்து விமான நிலையத்தில் நிற்கிறாராம்.

“சாயங்காலம் எட்டுப் பேருக்கு விருந்து. எட்டு மீன் வேணும், எல்லாம் ஒரே அளவு. இன்னிக்கு நீங்களே அறுத்துத் தரணும்னு சொன்னார். தலை முழுசா இருக்கணுமாம்” என்றார் டிரைவர்.

முள்ளும் கம்பியும் ஸயாவின் துணிச் சுருளில் அவரோடு போயிருந்தன. டிரம்மில் எட்டுக் கொடுவா, ஒவ்வொன்றும் அரை வீசை, முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும், தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. நான் பலகையைப் பார்த்தேன். பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“என்னங்க, எனக்கு இந்த அறுப்பெல்லாம் தெரியாது. நீங்கதான் செய்யணும்” என்றேன். பொய்தான். இருபது வருஷமாக மீன் வெட்டுகிறவளுக்கு ஒரு மீனைக் கொல்லத் தெரியாதா?

அவர் டிரம்மில் அடிக்கிற மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வெளியே ஹாரன் அடித்தார். கடைசியில் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போய்க் கத்தியை இறக்கினார். கைலித் துண்டை அவிழ்த்து, கட்டைவிரலால் கூர் பார்த்து, கல்லில் நாலு தடவை தீட்டினார்.

“மீன் முகத்தை மேற்கே திருப்பு” என்றார்.

“மீனுக்கு ஏதுங்க கிப்லா?” என்றேன். கோழியை அறுக்கும்போது கிப்லாவுக்கு, அதாவது தொழுகைத் திசைக்கு, முகத்தைத் திருப்புவது வழக்கம்.

“மீனுக்கு இல்லாட்டி என்ன, எனக்கு இருக்கு.”

நான் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்தார், உதடு அசைந்தது, கத்தி கழுத்துக்குக் கீழே ஒரே இழுப்பில் போய் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நடுங்குகிற கை, கத்தி மீனைத் தொடும் அந்த நேரத்தில் மட்டும் நின்றது. ஏழாவது வரைக்கும் சுத்தமான வெட்டு. “அடுத்தது” என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் மீன் தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் முகம் முழுக்க ஈரம். எட்டாவது மீனில் கை ஆடிவிட்டது. கத்தி பாதியில் வெளியே வந்து இரண்டாம் தடவை போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் காணாத மாதிரி ஐஸ் அள்ளினேன்.

பெட்டியில் அடுக்கத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு மீனின் தலையும் கழுத்து அறுத்த கோழித் தலை மாதிரியே பின்னால் மடங்கித் தொங்கியது. அவர் கோழியைத்தான் அறுத்திருந்தார், எட்டுத் தடவை. தலை முழுசா இருக்கணும் என்று டிரைவர் சொன்னது என் காதில் விழுந்து மறு காது வழியே போயிருந்தது. வேறு மீன் இல்லை, நேரமும் இல்லை. இதை ஸயா திருப்பி அனுப்பினால் அந்தக் கத்தி மறுபடி பலகைக்குப் போகும், பிறகு இறங்கவே இறங்காது.

“நானும் கூடப் போயி குடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரும் தலைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

ஹோட்டலின் பின்வாசல் வழியே உள்ளே போனபோது, அவ்வளவு பயத்திலும், என் மூக்குதான் முதலில் வேலை செய்தது. அங்கே மீன் வாசனையே இல்லை. மீனை வைத்து எண்பது டாலர் வாங்குகிற இடம், ஈரமரமும் எலுமிச்சையும்தான் மணத்தன. நீளமாக ஒரே பலகை, அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, ஒரு கீறல் இல்லை. அதைப் பாலிஷ் போடுவதில்லை, தினமும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஓரத்தில் ஒரு அட்டை. எண்பது என்று போட்டிருந்தது, மேல்மாடிப் பெண் பொய் சொல்லவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரியில் நூற்றிருபது. அது எதற்கோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸயா விமான நிலையத்திலிருந்து வந்துவிட்டார்.

அவர் முதல் மீனைத் தூக்கினார். தலை மடங்கித் தொங்கியது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். எட்டையும் தூக்கிப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். அவர் கத்தவில்லை. நீந்துகிற மாதிரி தலையும் வாலும் தூக்கி நிற்க, கம்பியில் கோத்து, உப்புத் தடவி, ஆளுக்கொரு முழு மீன் சுட்டு வைக்க நினைத்திருந்தாராம்.

“நான்தான் அறுத்தேன், ஸயா” என்றேன்.

அவர் ஒரு மீனைப் பிளந்தார். நடுமுள்ளை ஒட்டி ரத்தம் ஒரு கோடு கூட இல்லை. விரலால் அழுத்தினார், மெல்லிய துண்டு ஒன்றைச் சீவி வாயில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எட்டையும் வரிசையாக வைத்து வெட்டுகளைப் பார்த்தார்.

“ஏழும் ஒரே இழுப்பு. எட்டாவது களைச்ச கை” என்றார். “இது நீங்க இல்ல.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரர், இருபது வருஷம், ஹாஜியார் அம்மா, பலகை மேல் கத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவருக்கு என் பர்மியில் பாதி புரிந்திருக்கும். கேட்டுவிட்டு எட்டுத் தலைகளையும் சீராக வெட்டி எடுத்தார். தலைகளைப் பிளந்து உப்புத் தடவித் தனியாகச் சுடப் போவதாகவும், உடலை மெல்லிசாகச் சீவப் போவதாகவும் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது அன்று எனக்கு அப்படியே நடந்தது.

பணத்தை நீட்டினார்.

“இன்னிக்குக் காசு வேணாம், ஸயா.”

“வேணும்.”

“பாதி குடுங்க.”

“முழுசும்.”

இவ்வளவு நாள் பேரமே பேசாத மனிதரோடு கடைசியில் பேரம் பேசினேன். விற்கிறவள் குறைக்கிறேன், வாங்குகிறவர் ஏற்றுகிறார். சந்தையில் யாராவது பார்த்திருந்தால் இருவருக்கும் பைத்தியம் என்றிருப்பார்கள். அந்தச் சூட்டில்தான் பல மாசமாக உள்ளே கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. “அப்ப காசுக்குப் பதிலா ஒரு வேளைச் சாப்பாடு போடுங்க. ரெண்டு பேருக்கு. எண்பது டாலருக்கு இங்க என்னதான் இருக்குன்னு நான் பார்க்கணும்.”

அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை கிடையாது, அப்போது வரச் சொன்னார். பன்றி கூடாது, சாராயம் ஒரு சொட்டுக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தன் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்து ஒதுக்கிவைத்தார். எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அரிசி மது கலந்திருந்தது. கடைசியில் பலகையில் மிஞ்சியது உப்பு, எலுமிச்சை, இஞ்சி, காடி, சோறு, மீன். அதைப் பார்த்து அவரே தலையைச் சொறிந்துகொண்டார்.

எங்கள் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றார். “அங்க குச்சி புடிச்சுச் சாப்பிடணும். அந்த மனுஷர் முன்னாடி போயி கையை ஆட்டிக்கிட்டு உக்காரணுமா?” என்று கேட்டார். முன்பெல்லாம் சீனர் கடையில் குச்சியால் அழகாகச் சாப்பிட்டவர்தான். கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து சீனர் கடைப் பக்கமே போவதில்லை. நான் சண்டை போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, தொப்பி வைத்து இழுத்துக்கொண்டு போனேன். கைலி மடிப்பில் ஒரு சின்னப் பொட்டலம் புடைத்துக்கொண்டிருந்தது. பலாச்சாங். இறால்கருவாட்டை வெங்காயம், பூண்டு, மிளகாயோடு பொரித்தது. பச்சை மீனை நம்பி வெறுங்கையோடு போக அவர் தயாராக இல்லை.

அந்த நீளப் பலகைக்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். முதலில் வந்த தட்டு ஒரு முழ அகலம். அதில் மீன் துண்டுகள், தட்டில் வரைந்திருந்த நீலப் பூ அடியில் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று எங்கள் வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார். நான் பிஸ்மி சொல்லி ஒன்றை எடுத்து, உப்பில் ஒற்றி, பயந்துகொண்டே வாயில் போட்டேன். குளிர்ந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. இரண்டு தடவை மென்ற பிறகு ஓர் இனிப்பு, மிக லேசாக, வந்து நின்றது. இருபது வருஷமாக விற்கிற மீன். புளியிலும் மிளகாயிலும் போட்டுத்தான் தின்றிருக்கிறேன். அதற்கென்று தனியாக ஒரு ருசி இருப்பது எனக்குத் தெரியாது என்பதே வெட்கமாக இருந்தது.

“அந்த நூற்றிருபது என்ன, ஸயா?” என்று கேட்டேன்.

“அது ஜப்பானிலிருந்து பறந்து வர்ற மீன். எண்பது உங்க மீன்.”

“என் மீன்தான் மட்டமா?” என்று சட்டென்று கோபித்துக்கொண்டேன். எண்பது டாலர் அநியாயம் என்று இத்தனை மாசம் சொல்லித் திரிந்தவள், அதைவிடக் குறைவு என்று சொன்னதற்குச் சண்டைக்குப் போகிறேன். ஸயா, பறக்கிற மீனுக்கு டிக்கெட் வாங்க வேண்டும், உங்கள் மீன் பிக்கப்பில் வருகிறது என்றார்.

இதற்குள் எங்கள் வீட்டுக்காரர் குச்சியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். அவருடைய தட்டு அப்படியே இருந்தது. ஸயா அதைப் பார்த்தார். சோற்றை உள்ளங்கையில் எடுத்து இரண்டு தடவை அழுத்தி உருட்டி, மேலே மீனை வைத்து, ஒன்றை எங்கள் முன்னால் வைக்காமல் தானே மூன்று விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“இதுக்குக் குச்சி வேணாம். கை” என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பிஸ்மி சொல்லிக் கையால் எடுத்தார். கை நடுங்கியது. வாய்க்குப் போவதற்குள் நாலைந்து பருக்கை பலகையில் உதிர்ந்தது. நம் வழக்கப்படி அவற்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் அவருக்கும் அடுத்த உருண்டை வந்தது. நான்தான் எதையும் கிண்டிக் கிளறிப் பார்க்கிறவளாயிற்றே. என்னுடையது தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது, அவருடையதைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான், கூடவே அளவும் கொஞ்சம் சிறிது. கடைசி வரைக்கும் அவர் கையிலிருந்து ஒரு பருக்கை உதிரவில்லை. எண்பது டாலரில் எவ்வளவு மீனுக்கு, எவ்வளவு தட்டுக்கு என்றெல்லாம் எனக்கு இன்றும் தெரியாது. ஒரு பங்கு இதற்கு என்று மட்டும் அன்று புரிந்தது. அது யானை விலை இல்லை.

பாதியில் பலாச்சாங் பொட்டலம் வெளியே வந்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஸயா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார், முகம் சிவந்தது, இருமினார், தண்ணீர் குடித்தார், இன்னொரு சிட்டிகை எடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் பாதி பர்மியும் பாதி கைஜாடையுமாக அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தபோது ஸயா ஒரு கொடுவாயைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். செவுளைத் தூக்கி உள்ளே ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “இனிமே கழுத்து வேணாம். இங்க. தலை நிக்கும். செவ்வாய்க்கிழமை நான் முள் குத்துறேன், நீங்க அறுங்க” என்றார். அந்தத் தடுமாறிய பர்மியை நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

“கை நடுங்குமேன்னு சொல்லு” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

சொன்னேன். ஸயா தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை டிரம்மில் ஐந்து மீன். ஸயா முள்ளைக் குத்திக் கொடுத்தார், எங்கள் வீட்டுக்காரர் செவுளைத் தூக்கினார். முதல் மீன் சுத்தமாக முடிந்தது. இரண்டாவதில் கை ஆடியது. கத்தி வெளியே வந்து மறுபடி போனது. அவர் அப்படியே நின்றுவிட்டார். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஆலிம்சா நின்றிருந்தார், அந்த ஹாஜியார் அம்மாவும் கூடையோடு நின்றிருந்தார்.

“ஏன் நிக்கிறீங்க? கோழியா இது, ரெண்டு தடவை போனாக் கெட்டுப் போறதுக்கு? மீனுக்கு அறுப்பே கடமையில்லேன்னு ஆலிம்சாவே சொல்லியிருக்காரு” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஆலிம்சா ஆமென்று தலையை ஆட்டினார். எங்கள் வீட்டுக்காரர் கத்தியைத் தண்ணீரில் அலசினார். மீனை ஐஸில் போட்டார். பிறகு, சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, “அடுத்தது!” என்றார்.